சிங்கம்புணரிப் பக்கம் திரும்பி ஒரு செபமாலை

என் வீட்டுக்காரருக்கு உலக வரைபடம் தெரியாது, திசை தெரியும். காரைக்குடிக்குப் பக்கத்தில் நெல்லும் கடலையும் போடுகிற ஆளுக்கு அது போதும் என்பார். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். எங்களுக்குள் சண்டை வராமல் எப்படி இருக்கும்?

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் செபமாலை. செல்போன்களை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்கார வேண்டும். அது அவர் போட்ட சட்டம். பத்துப் பத்து மணியாக மொத்தம் ஐந்து பத்துகள். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால், இது இன்னாருக்காக என்று வாய்விட்டுச் சொல்வார். முதல் நான்கும் ஊராருக்கு, கடைசிப் பத்துதான் வீட்டுக்கு. அவருடைய ஊராரில் உலகமே அடக்கம்.

நான் பகல் முழுக்கச் செய்தி பார்த்து, டிவியில் கத்துகிறவர்களோடு நானும் கத்திக்கொண்டிருப்பேன். அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, "இன்னைக்கு எங்க குண்டு விழுந்துச்சு? அது நமக்கு எங்குட்டு இருக்கு?" என்று கேட்பார். சொன்னால் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து முதல் பத்தைத் தொடங்குவார். தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த வீட்டைப் பார்த்து உட்காருகிற பழக்கம்தான் இப்படி நீண்டுவிட்டது. சில வருடங்களாகக் குண்டு விழுவதெல்லாம் எங்களுக்கு வடமேற்கில்; அதனால் அநேகமாக அந்தத் திசையில் இருக்கிற ஊரான சிங்கம்புணரிப் பக்கம்தான்.

"மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு என்ன செபம் சொல்றீக?" என்று கேலி செய்வேன்.

"அவுகளும் அங்குட்டுத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக" என்பார்.

பிறகு ஒருநாள், எங்கள் ஒரே மகன் வேலை பார்க்கும் வளைகுடா ஊரிலேயே ஏவுகணை விழுந்தது. இரண்டு நாள் அவன் போன் கிடைக்கவில்லை. அந்த ஏவுகணை எத்தனை மைல் பாயும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் உயிரோடு இருக்கிறானா என்பதை மட்டும் எந்தச் சேனலும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் பாயில் உட்கார்ந்தேன். அவர் பார்த்தார். வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்து, "அந்த ஊர்ல செத்துப்போனவுக ஆத்துமாவுக்காக" என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம புள்ள இருக்கானா இல்லையான்னே தெரியல. நீங்க யாருக்கோ சொல்றீக! நீங்கள்லாம் ஒரு தகப்பனா?"

அவர் செபமாலையை என் கையில் கொடுத்தார். "சரி, மொதப் பத்து அவனுக்கே இருக்கட்டும். நீயே சொல்லு" என்றார்.

தொடங்கினேன். நாலாவது மணியோடு நிறுத்தி, மாலையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதியை அவர்தான் சொல்லி முடித்தார், அவர் குரலும் நன்றாக இல்லை.

இரண்டாவது பத்து முடிகிற நேரத்தில் மடியில் போன் அடித்தது. மகன்தான். "அம்மா, நல்லா இருக்கேம்மா. டவர் கிடைக்கல, அதான்." நான் வாய்விட்டு அழுதேன். அவர் போனை வாங்கி, "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் மாதாவைக் கும்பிட்டு எழுந்து பாயின் ஓரத்தைச் சுருட்டினேன். "எந்திரிங்க, சாப்பிடலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. "இன்னும் மூணு பத்து இருக்குல்ல."

"அதான் போன் வந்துருச்சே!"

"நமக்கு வந்துருச்சு. வராத வீடு இருக்கும்ல."

இரண்டு நாளாக அத்தனை செய்தி பார்த்தவளுக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. இந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்று பெருமையாகவும் இருந்தது. போனைக் கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். சுருட்டிய பாயை மறுபடி விரித்தேன். மாதாவுக்கு முதுகைக் காட்டி, சிங்கம்புணரிப் பக்கம் திரும்பி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.