பூக்கல் ஆட்டம்

காரைக்கால் தலத்தெரு ஞானசௌந்தரிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளம்தான், யார் இல்லை என்றது? அந்த வாய் இல்லாவிட்டால் அங்கே பெண்களுக்குச் சனிக்கிழமை என்று ஒரு கிழமையே இருந்திருக்காது.

கல்யாணத்துக்கு முன் மதராஸில் ஒரு வருஷம் உடற்பயிற்சி ஆசிரியைக்குப் படித்தவள். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஸ்காட்லாந்து நாட்டுப்புற ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். நாலு ஜோடி, எதிரெதிரே இரண்டு வரிசை. கை கோத்து, குறுக்கே போய், சுற்றி வந்து, ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் நிற்க வேண்டும். படிப்பு முடிந்த மாசமே மின்சார ஆபீஸ் தியாகராசனுக்குக் கட்டிக்கொடுத்துக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. அவளா சும்மா இருப்பாள்? எழுபத்தைந்தில் தெருப் பெண்களைக் கூட்டி மாதர் சங்கம் ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு பழைய மண்டபம். சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம். தைப்பார்கள், ஊறுகாய் போடுவார்கள், வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். புருஷன், மாமியார், பிள்ளை யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரம் எவ்வளவு பெரிய சொத்து என்று ஆம்பளைகளுக்கு எங்கே புரியப்போகிறது?

எழுபத்தெட்டு டிசம்பரில் மண்டபக் குழுத் தலைவர் மருதையன் வந்து நின்றார். நெல் வியாபாரி. நல்ல மனிதர்தான், ஆனால் தான் சொன்னதுதான் சட்டம்.

"ஊறுகாய் போடுறதும் ஊர்க்கதை பேசுறதும் வீட்டுலயே செய்யலாமேம்மா. ஆம்பளைங்க கேரம் போர்டு போட இடம் கேக்குறாங்க."

"நாங்க டான்ஸ் பழகிக்கிட்டு இருக்கோங்க. குடியரசு தினத்துக்கு மைதானத்துல பாருங்க," என்றாள் ஞானசௌந்தரி. அந்த நிமிஷம் வரை அங்கே ஒருத்தியும் காலைத் தூக்கி வைத்ததில்லை.

"பாத்துடுவோம். ஊரு மெச்சுனா சனிக்கிழமை உங்களுக்கு. இல்லாட்டி பிப்ரவரியிலேர்ந்து கேரம் போர்டு."

சொன்ன வாய்க்கு ஆடிக் காட்ட வேண்டுமே. எட்டுப் பேரைப் பிடித்தாள். மருதையன் மனைவி பங்கஜவல்லியும் அதில் ஒருத்தி. சங்கத்துக்கு வருவது புருஷனுக்குத் தெரியும், ஆடுவது தெரியாது. "கேட்டாத்தானே வேணாம்பாங்க," என்றாள் அவள். பட்டினத்து மெஹர் பானு, துபாயிலிருந்து கணவர் அனுப்பிய டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்தாள். கல்யாண பேண்டுக்காரர் ஒருவரிடம் கிளாரினெட் வாசிக்கச் சொல்லிப் பதிவும் செய்தாயிற்று.

"எதுக்க நிக்கிறவ கண்ணப் பாத்து ஆடணும்." மதராஸ் அம்மாள் சொன்னதைத்தான் ஞானசௌந்தரி சொன்னாள். யார் பார்த்தார்கள்? குனிந்த தலை நிமிராமல் நடக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண்கள். ஐம்பது வயது லோகாம்பாள் எதிரே நின்ற ராசாத்தியைப் பார்த்ததும் களுக்கென்று சிரித்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஞானசௌந்தரியும் தரையைப் பார்த்தாள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் கடைத்தெரு நடைபாதைக்கு வந்த பூப்போட்ட சிமெண்டுக் கல்லில் மிஞ்சியதை மண்டபத் தரையில் பதித்திருந்தார்கள். கல்லெல்லாம் சேர்ந்து கூடம் நிறைய எட்டு இதழோடு ஒரே பெரிய பூ. இங்கேயும் எட்டுப் பேர். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆளுக்கு ஒரு இதழ். இதழின் வளைவிலேயே நடந்து நடுவுக்கு வா, கையைக் கோத்துச் சுற்று, எதிர் இதழ் வழியே வெளியே போ. குனிந்தால் குனியட்டும், அதையே வைத்துக்கொள்வோம். மூன்றே வாரத்தில் எட்டுப் பேரும் பிசகாமல் ஆடினார்கள். ஞானசௌந்தரிக்குத் தலைகால் புரியவில்லை.

ஜனவரி இருபத்தைந்து சாயங்காலம் மைதானத்தில் ஒத்திகை. டேப் பாடியது, எட்டுப் பேரும் குனிந்தார்கள். கீழே வெறும் மணல். லோகாம்பாள் ராசாத்தி மேல் மோதினாள். பங்கஜவல்லி போக வேண்டிய திசை தெரியாமல் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க கல்லு இல்லியே அக்கா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று எரிந்து விழுந்தாள் ஞானசௌந்தரி. விழுந்த மறு நிமிஷமே சுருக்கென்றது. ஆட்டத்தையா சொல்லிக்கொடுத்தோம்? கல்லையல்லவா சொல்லிக்கொடுத்தோம்! ஆனாலும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ராசாத்தி சொன்னபடி சுண்ணாம்புத் தூளில் பெரிய பூவாக மணலில் போட்டு வைத்தார்கள். மறுநாள் காலை கொடியேற்றம் முடிந்து பள்ளிப் பிள்ளைகள் முந்நூறு பேர் அணிவகுத்து அதன் மேலேயே போனார்கள். பூவும் இல்லை, காம்பும் இல்லை.

கூப்பிட இன்னும் பத்து நிமிஷம். ஞானசௌந்தரி எட்டுப் பேரையும் பக்கத்தில் இழுத்தாள்.

"தப்பு என்னுதுதான். நீங்க குனியிறதப் பாத்து நானும் சுலபமான வழியத் தேடிட்டேன். வழி உங்க காலுக்குத் தெரியும். இனிமே கீழ பாக்காதீங்க. எதுக்க நிக்கிறவ முகத்தப் பாருங்க, அவகிட்ட போயிச் சேருங்க. அவ்வளவுதான்."

எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி நீலப் புடவை. பங்கஜவல்லி மெல்லச் சொன்னாள்: "நிமிந்தா நான்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமேக்கா. முன்னாடிதான் உக்காந்திருக்காங்க."

"தெரியட்டும். சனிக்கிழமை வேணுமா வேணாமா?"

"வேணும்," என்றாள் பங்கஜவல்லி.

கிளாரினெட் தொடங்கியது. முதல் சுற்றில் லோகாம்பாளின் தலை ஒருமுறை தாழ்ந்தது. "இங்க பாரு லோகா," என்றாள் ராசாத்தி, எதிரிலிருந்து. அவள் நிமிர்ந்தாள். அப்புறம் ஒருத்தி தலையும் தாழவில்லை. நாலு பேர் நடுவுக்கு வர, நாலு பேர் விரிய, மணலில் ஒரு பூ குவிந்து மலர்ந்து குவிந்தது. மண்டபத்தில் மூன்று வாரமும் இவர்கள் இப்படி ஆடியதே இல்லை. ஞானசௌந்தரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இடையில் லோகாம்பாள் ஒரு இதழ் தள்ளிப் போய்ச் சேர்ந்து, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். கூட்டமும் சேர்ந்து சிரித்துக் கை தட்டியது.

முடிந்ததும் மருதையன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மனைவி பக்கம் பார்க்காமல் ஞானசௌந்தரியிடம் பேசினார்.

"ஆட்டம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா குழுவுல கலந்து பேசித்தான்..."

ஞானசௌந்தரி வாயைத் திறப்பதற்குள் பங்கஜவல்லி முன்னால் வந்தாள். கட்டிக்கொண்டு பதினாறு வருஷம். நாலு பேர் முன்னால் அவர் முகத்தைப் பார்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஊரு கை தட்டுச்சாங்க, இல்லியா?"

"தட்டுச்சு."

"அப்புறம் என்ன பேச்சு? சனிக்கிழமை எங்களுக்குத்தான். இனிமே நான் வர ஆறு மணி ஆகும். காபி நீங்களே போட்டுக்குங்க."

மருதையன் சுற்றிலும் பார்த்தார். எட்டுப் பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்தான் முதலில் குனிந்தார்.

"சரி," என்றார் மணலைப் பார்த்து.