தறிச் சத்தம் கேட்காத வீடு

சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, வாசலில் என் மகள் வசந்தாவின் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். அதுவரை இந்தக் கட்டுரையை நிம்மதியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் போல ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து, ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கியிருக்கும் நீங்கள், பொழுது போகாத வேளையில் என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இனி எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

துப்பறியும் நாவல் படியுங்கள். அதில் முதல் பக்கத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. கடைசிப் பக்கத்துக்குள் எல்லோரும் தெரிந்தவர்களாகிவிடுவார்கள். புது ஊரில் நமக்கு நடக்காதது அங்கே நடக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த தொகுப்புகள் இங்கே காஞ்சிபுரத்து வாடகை நூலகத்தில் கிடைக்கின்றன. யாராவது ஒரு புண்ணியவான் ஓரத்தில் 'டாக்டர்தான் கொன்றான்' என்று பென்சிலால் எழுதியிருப்பான். கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். பிரயாணக் கதைகளை மனசு ஆறிய பிறகு தொடலாம். சமையல் புத்தகம் மட்டும் வேண்டாம். ங்கப்பி மீன் விழுது கிடைக்காத ஊரில் அது வெறும் வயிற்றெரிச்சல்.

ரங்கூனில் எங்கள் தெருமுனையிலும் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. வசந்தாவும் அவள் அப்பாவும் ஒரே நாவலை ஆளுக்கொரு அத்தியாயமாகப் படித்து, கொலைகாரன் யாரென்று சாப்பிடும்போது சண்டை போடுவார்கள். புறப்படுகிற வாரம் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது. பாதி படித்திருந்த புத்தகம் எங்களோடு வந்துவிட்டது. காதுத் தோட்டைக்கூடக் கழற்றச் சொன்ன சுங்க அதிகாரி, அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் சொந்தக் கடையைச் சர்க்காரிடம் ஒப்படைக்கும்வரை அவள் அப்பாவை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். கடிதமும் வருவதில்லை. மீதிப் பாதியை வசந்தா திறக்கவில்லை. அவள் பேச்சில் கலந்து வரும் பர்மியச் சொற்களைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிரித்ததிலிருந்து, வெளியாட்களிடம் வாய் திறப்பதும் நின்றுபோனது. பதினைந்து வயது.

அந்தப் பெண்ணைத்தான் காணவில்லை. செருப்பு இல்லை, மேசையிலிருந்த அந்தப் பாதி படித்த ரங்கூன் புத்தகமும் இல்லை, குடை மட்டும் இருந்தது. இத்தனை துப்பறியும் நாவல் படித்த மூளைக்கு நல்லது எதுவும் தோன்றவில்லை. காலையில் ஈயம் பூச வந்தவன் ஏன் இரண்டு முறை எட்டிப் பார்த்தான்? எதிர்வீட்டு மாடி ஜன்னல் ஏன் இன்று மூடியிருக்கிறது?

வாடகை நூலகத்துக்கு ஓடினேன். நூலகக்காரர் சைக்கிளைத் துடைத்தபடி, "பொண்ணு இங்க வர்லியேம்மா. சினிமாவுக்குப் போயிருக்கும். எங்க போயிடப் போவுது?" என்றார். ரங்கூனில் ஒரு பெண்ணைக் காணோம் என்றால் தெருவே எழுந்து வரும் என்று சொல்ல நினைத்தேன். "ரங்கூனில்..." என்று தொடங்கினேன். "ரங்கூனுக்கா? அவ்ளோ தூரம் தனியா எப்படிம்மா போவும்?" என்று அவர் சிரித்தார்.

செவிலிமேடு போகும் சாலைவரை நடந்தேன். திரும்பி வரும்போது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். வந்த நாளிலிருந்து என் தலையைத் துளைக்கும் சத்தம் அது. நடுவில் ஒரே ஒரு வீட்டில் தறி ஓடவில்லை. அப்பாடா என்று அதன் வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிவிட்டு நடந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே தறி நிற்கிறதென்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இருட்டிய பிறகு, இனிப் போலீசுக்குத்தான் போகவேண்டும் என்று வீட்டைப் பூட்டும்போது, தறி ஓடாதிருந்த அந்த வீட்டுச் சரோஜா தெருவில் வந்தாள். பின்னால் வசந்தா. அவள் கன்னம் சிவந்திருந்தது, தொண்டை கட்டியிருந்தது.

"கோச்சுக்காதக்கா. உன் பொண்ணு புஸ்தகத்தோட வாசல்ல நின்னுக்கினு இருந்திச்சி. சும்மா படிச்சிக் காட்டேன்னு உள்ள இட்டாந்தேன். இன்னாமா படிக்குது! கொலைகாரன் ஆப்புடற நேரத்துல எங்கூட்டுக்காரரே தறியை நிறுத்திட்டாரு. மொதலாளி திட்டுனா திட்டட்டும்னு குந்திட்டாரு. நானு அந்தக் கணக்குப்புள்ளைன்னேன், அவரு தம்பிக்காரன்னாரு..."

"ரெண்டு பேரும் இல்ல, அத்தைதான்மா," என்றாள் வசந்தா. "அப்பா அங்கேயே சொன்னாரு. நான்தான் நம்பல."

நான் திட்ட வாயெடுத்தேன்; அழுகைதான் வந்தது. சரோஜா அதைப் பார்க்காதவள் போல, தெருவிளக்கில் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினாள். ஊதா மையில் ரங்கூன் கடையின் முத்திரை, பாதி தமிழிலும் பாதி பர்மிய எழுத்திலும்.

"ஐய, வாடகை புஸ்தகமாக்கா இது? நாளு தப்பிடப் போவுது. கடை எந்தப் பக்கம்னு சொல்லு. காலைல எங்கூட்டுக்காரரு சைக்கிள்ல போயி குடுத்துட்டு, வேற ஒண்ணு வாங்கியாருவாரு."