செருப்பு விட்ட இடம்

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். அதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

நான் திடீரென்று கையைத் தட்டி "டமார்" என்பேன். பிள்ளைகள் இருவரும் என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி, பக்கத்தில் இருக்கிற வாசல் வழியாக வெளியே ஓட வேண்டும். ஒருவரை ஒருவர் தேடக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்காவது மறைவாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது. அம்மா கூப்பிட்டாலும் சரி, நானே கூப்பிட்டாலும் சரி. கொஞ்ச நேரம் கழித்து நான் இரண்டு கையையும் வாயில் குவித்து, எங்கள் கம்பெனியில் வேலை விடும்போது ஊதுகிற சங்கு மாதிரி ஊதுவேன். அதைக் கேட்ட பிறகுதான் வர வேண்டும். வந்து அவரவர் செருப்பில் ஏறி நிற்க வேண்டும். முதலில் நிற்பவருக்குக் கடலை மிட்டாய்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. மகனுக்கு நாலு. மிட்டாய் எப்போதும் மகளுக்குத்தான். மகன் பாதி தூரம் ஓடி, அம்மா ஞாபகம் வந்து திரும்பிவிடுவான்.

"இது ஒரு விளையாட்டாங்க?" என்பாள் என் மனைவி. அவள் காரியாபட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவள். பருத்தியும் மிளகாயும் தெரியும். வெடிச்சத்தம் என்றால் அவளுக்குத் தீபாவளி, கல்யாணம், சாவு. அவ்வளவுதான்.

எனக்கு அப்படி இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறேன். உள்ளே செருப்புப் போடக் கூடாது என்பதால் எல்லாரும் கேட் பக்கத்தில் கழற்றிவிட்டுப் போவோம். விரல் பக்கம் ரோட்டைப் பார்க்க விட வேண்டும் என்று பழையவர்கள் சொல்வார்கள். ஓடி வந்தால் அப்படியே மாட்டிக்கொண்டு ஓடலாம்.

மகள் பிறப்பதற்கு முந்தைய வருஷம், நான் நின்ற இடத்திலிருந்து மூன்றாவது அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. எல்லாரும் ஓடினோம். அந்த அறையில் வேலை பார்த்த ஒரு பெண்ணும் ஓடி வெளியே வந்துவிட்டாள். நான் பார்த்தேன். அவள் தங்கை புகைக்குள் எங்கிருந்தோ "அக்கா" என்று கூப்பிட்டாள். இவள் திரும்பினாள். இரண்டாவது சத்தம் அப்போதுதான் வந்தது.

சாயங்காலம் கேட் பக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். நீல வார் வைத்த ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. அதை எடுக்க ஆளில்லை. ஒதுக்கி வைக்கவும் யாருக்கும் கை வரவில்லை. தங்கை பிழைத்துக்கொண்டாள். விளையாட்டின் சட்டமெல்லாம் அங்கிருந்து வந்தவை.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாளில், மலைக்குப் போகலாம் என்றாள் மனைவி. சத்தமில்லாத இடத்தில் ஒரு நாளாவது இருக்க வேண்டுமாம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, மலையடிவாரத்தில் ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் பிள்ளைகள் நனைகிற அளவுக்குத் தண்ணீர் வரும்.

எனக்கு முதல் நாளே தூக்கம் போய்விட்டது. ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்தால்? பாம்பு? வழுக்குப் பாறை? பைக் வழியில் நின்றுவிட்டால்? ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"உங்களக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷனயே கூட்டிட்டுப் போலாம்" என்றாள்.

"அப்பா பைக்குக்கு ஸ்டாண்டு போட்டோமான்னு நாலு தடவ திரும்பிப் பாப்பாகம்மா" என்று மகள் எடுத்துக் கொடுத்தாள்.

போய்ச் சேரும்போது காலை பத்து மணி இருக்கும். மலைக்குத் தலை இல்லை. மேகம் பாதிக்கு மேல் மூடியிருந்தது. ஒரு தென்னந்தோப்பின் வேலியோடு நடந்து ஓடைக்கு வந்தோம். இரண்டு பக்கமும் பெரிய மருத மரங்கள். சில்வண்டுச் சத்தம் காதை அடைத்தது. வேறு ஆளே இல்லை. மற்ற நாள்களில் கூட்டம் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் இன்றைக்கு யாரும் இல்லை என்று கேட்டேன்.

"நமக்காகத்தான் எல்லாரும் ஒதுங்கிக் குடுத்திருக்காக" என்று சொல்லிவிட்டு மனைவி புளிச்சோற்றுத் தூக்குவாளியை நிழலில் வைத்தாள்.

கரையில் நாலு ஜோடிச் செருப்பையும் நானே வரிசையாக விட்டேன். விரல் பக்கம் ரோட்டைப் பார்க்க. மகளுடையது ரோஸ் கலர், ஒன்றில் பூ அறுந்துபோயிருந்தது.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. மகன் கூழாங்கல்லைப் பொறுக்கி அம்மா மடியில் போட்டுக்கொண்டிருந்தான். மகள் எதிர்க்கரைப் பாறைக்குப் போக வேண்டும் என்றாள். மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். "வலிக்குதுப்பா" என்றாள். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். பாதி ஓடை தாண்டியிருப்போம். சில்வண்டுகள் நின்றுவிட்டன. ஒன்றிரண்டு அல்ல, மொத்தமும் ஒரே நேரத்தில். தண்ணீரின் சலசலப்பு மட்டும் மிச்சம்.

"என்னாச்சுப்பா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

அப்போது வெடித்தது.

நிஜமான வெடி. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். நூல் சுற்றிய வெடி, எங்கள் ஊர்ச் சரக்கு. மலை அதை வாங்கி, இன்னும் பெரிதாகத் திருப்பிக் கொடுத்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தபோது நான் ஒரு புதருக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தேன். காலில் முள் ஏறியிருந்தது. ஓடைக்கும் எனக்கும் நடுவே நூறு அடி இருக்கும். ஓடியது ஞாபகமில்லை. வலது கையைப் பார்த்தேன். விரல்கள் எதையோ பிடித்திருக்கிற மாதிரி வளைந்தே இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

திரும்பி ஓடினேன். மனைவி ஓடைத் தண்ணீரிலேயே உட்கார்ந்து, மகனை நெஞ்சுக்குள் போட்டு மூடியிருந்தாள். அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

"பாப்பா எங்க?" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். "உங்க கையிலதான இருந்தா?"

கூப்பிட்டோம். எதிர்க்கரையில் ஏறி, பாறைக்குப் பாறை தாவி, "பாப்பா, பாப்பா" என்று கத்தினேன். கத்தி முடித்துக் கொஞ்சம் பொறுத்து, மேகத்துக்குள் இருந்து "பாப்பா" என்று என் குரலே வந்தது. இன்னொரு முறை இடது பக்கச் சரிவிலிருந்து வந்தது. நான் இங்கே நிற்க, என்னைப் போலவே ஓர் ஆள் மேலே நின்றுகொண்டு என் பிள்ளையைத் தன் பக்கம் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மனைவியும் அதைக் கேட்டாள். "நிறுத்துங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

இரண்டாவது வெடி அதற்குள் வெடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கால்கள் மறுபடியும் ஓடப் பார்த்தன. ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"யாருலே அங்கன?"

தோப்புப் பக்கமிருந்து ஒரு பெரியவர் ஓடை வழியாக வந்தார். தோளில் சாக்குப் பை, கையில் புகைகிற கயிறு. தோப்புக் காவல்காரர். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பிள்ளைகளக் கூட்டிட்டு யாருய்யா இன்னைக்கு இங்கன வரச் சொன்னது? ஒத்தை ஆனை ரெண்டு நாளா சுத்துது. காலைல நாலு தென்னையச் சாச்சுட்டு ஓடைக்குள்ள எறங்கிருச்சு. அதான் வெடி போட்டு மேல வெரட்டுறேன்."

"மேலன்னா எங்கிட்டு அண்ணாச்சி?"

அவர் கை காட்டிய இடம் எதிர்க்கரைக்கு மேலே, நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்த சரிவு.

விஷயத்தைச் சொன்னோம். கயிற்றைத் தண்ணீரில் முக்கி அணைத்தார். "கூப்பாடு போடாதீக. மருண்டு கெடக்கு. சத்தம் வர்ற பக்கம் வந்தாலும் வரும். வாங்க, பேசாம தேடுவோம்."

பேசாமல் தேடினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓர் இடத்தில் மூங்கில் மடங்கிக் கிடந்தது. ஈரச் சாணத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. காற்றில் மருந்து வாடை கலந்திருந்தது. காட்டுக்குள் அந்த வாடை வரக் கூடாது என்றே எனக்குப் பட்டது. நான் அதைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி.

நானும் காவல்காரரும் மறுபடியும் கரைக்கு வந்தபோது மனைவி மகனோடு செருப்புகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் செருப்பை மாட்டிவிட்டிருந்தாள். தன்னுடையதையும் மாட்டியிருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே என்னுடையதில் காலை நுழைத்தேன்.

ரோஸ் கலர் ஜோடி மட்டும் கிடந்தது.

நீல வார் கண்ணுக்குள் வந்து போனது. "அய்யோ, எடுங்க அத, கையில எடுங்க" என்று மனைவி அழுதாள். நான் குனிந்தேன். தொடவில்லை. அந்தச் செருப்பு ஆளில்லாமல் கிடக்கவில்லை, ஆளுக்காகக் கிடக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தொலைந்துபோகவில்லை. விளையாடுகிறாள். நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்துகொண்டிருக்கிறாள். எங்களுக்கு எட்டுகிற தூரத்தில்தான் எங்கோ உட்கார்ந்து, அப்பா கூப்பிடுவதையும் அம்மா அழுவதையும் கேட்டுக்கொண்டு, வராமல் இருக்கிறாள்.

கையை வாயில் குவித்தேன். காவல்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனையும் கேக்கும்லய்யா."

"கேக்கட்டும் அண்ணாச்சி. எம்பிள்ள கேக்கணும்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அப்புறம் கையை விட்டார். "ஒரே ஒரு தடவ" என்றார்.

சங்கு ஊதினேன். வீட்டில் ஊதுகிற மாதிரி இல்லை. அடி வயிற்றிலிருந்து, கம்பெனிச் சங்கு மூன்று கிராமத்துக்குக் கேட்கிற மாதிரி ஊதினேன். மூச்சு தீர்ந்ததும் இருமல் வந்தது. இருபது வருஷ மருந்துத் தூசி நெஞ்சில் இருக்கிறது. இருமினால் லேசில் நிற்காது. நான் குனிந்து இருமிக்கொண்டிருக்கும்போது மலையும் ஊதியது. நீளமாக, நிதானமாக, நான் ஊதியதைவிட நன்றாக ஊதியது. மகன் காதைப் பொத்திக்கொண்டான்.

பிறகு ஒன்றுமில்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

அவள் வந்தது நாங்கள் தேடிய பக்கத்திலிருந்து இல்லை. ஓடையின் மேல் வளைவில், இரண்டு பாறை சாய்ந்து சேர்ந்திருந்த இடுக்கிலிருந்து நழுவி இறங்கினாள். பாவாடையெல்லாம் பாசி. முழங்காலில் சிராய்ப்பு. அழவில்லை. எங்களைப் பார்த்து ஓடி வரவும் இல்லை. நேராகச் செருப்புக்கு வந்தாள். இரண்டு காலையும் வைத்து நின்றாள். நின்ற பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கூப்பிட்டோமே தாயி, கேக்கலையா?" மனைவி அவளைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"கேட்டுச்சு. அப்பா கீழ இருந்தும் கூப்பிட்டாக, மேல இருந்தும் கூப்பிட்டாக. எது அப்பான்னு தெரியல."

"சங்கு?"

"அதுவும் ரெண்டு எடத்துல ஊதுச்சு." என்னைப் பார்த்தாள். "மேல ஊதுனது இருமல, கீழ ஊதுனதுதான் இருமுச்சு."

காவல்காரர் சிரிக்கப் போனார். அவள் தொடர்ந்தாள். "எம்பக்கத்துல ஒண்ணு நின்னுச்சுப்பா. பாறைக்கு அங்கிட்டு. பெருசா மூச்சு விட்டுச்சு. நீங்க பாப்பா பாப்பான்னு கூப்பிடும்போதெல்லாம் மூச்ச நிறுத்திட்டுக் கேட்டுச்சு. சங்கு ஊதுனதும் போயிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. போய் அந்தப் பாறை இடுக்கைப் பார்த்தார். சுற்றித் தரையைப் பார்த்தார். வேகமாகத் திரும்பி வந்தார். "பைக்கு வரைக்கும் கூட வாரேன். வெரசா நடங்க" என்றார்.

புளிச்சோற்றுத் தூக்கு அங்கேயே கிடந்துவிட்டது.

பைக்கில் ஏறும் முன் மகள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, நான் சரியா ஓடுனேனா?"

நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்பா உன் கைய விட்டுட்டேன்மா" என்றேன்.

"விடணும்ல?" என்றாள், எனக்குப் பாடம் மறந்துவிட்ட மாதிரி. "நீங்கதான சொன்னீக."

மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நான் ஓடியதைப் பற்றி இதுவரை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அந்த விளையாட்டை மட்டும் ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாள். நானும் மறுக்கவில்லை. ஆனாலும் படுத்தால் கணக்குப் பார்க்கிறேன். அந்தச் சட்டம் இல்லாவிட்டால், நான் விட்டாலும் அவள் என் கையை விட்டிருக்கவே மாட்டாள். அந்தச் சட்டம் இல்லாவிட்டால், நான் கூப்பிட்ட உடனே இடுக்கைவிட்டு வெளியே வந்திருப்பாள். வெளியே அது நின்றிருக்கிறது. இரண்டில் எதை எதில் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது இன்னும் அதே ஊரில்தான். சீசன் நேரத்தில் சரக்குச் சோதித்துப் பார்க்கிற வெடிச்சத்தம் எந்நேரமும் கேட்கும். காலையில் மகளைப் பள்ளிக்கூட வேனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன். எங்காவது ஒரு வெடி வெடித்தால் என் விரல்கள் துடிக்கின்றன, இறுக்கிக்கொள்கிறேன். அவள் விரல்கள் அதற்குள் தளர்ந்து, நான் விடுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன.