கறுப்பில் வெள்ளை எழுத்து

பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த வருஷம் நான் எட்டாம் வகுப்பு. திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் அத்தையுடையது. அப்பாவுக்கு அக்காவான அவள், பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலுக்கு மனுக்கள் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரடங்கில் வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. காலையில் அவளுக்கு, மதியத்துக்கு மேல் என் பாடங்களுக்கு என்று முறை.

வெள்ளைத் திரையை அரைமணி நேரம் பார்த்தால் எனக்கு இடது நெற்றியில் வலி கிளம்பும். ஒரு மணி நேரமானால் வாந்தி. படிக்காமல் தப்பிக்க நான் கண்டுபிடித்த நோய் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அம்மா தைலம் தேய்த்துவிட்டபடியே அவர் சொன்னதைத்தான் சொன்னாள்.

ஒருநாள் எதையோ அமுக்கப்போய்த் திரை கறுப்பாகிவிட்டது. எழுத்தெல்லாம் வெள்ளை. கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டோம் என்று பயந்தேன். ஆனால் அன்றுதான் ஒரு பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வலியில்லாமல் வாசித்தேன்.

மறுநாள் காலை அத்தையின் குரல்தான் என்னை எழுப்பியது.

"ஏட்டி, இதுல என்னத்தக் கரியப் பூசி வச்சிருக்க?"

மாற்ற அவளுக்குத் தெரியாது. அப்பா வெள்ளையாக்கினார். மதியம் நான் கறுப்பாக்கினேன். நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் அப்பா தீர்ப்புச் சொன்னார், இனி எப்போதும் வெள்ளைதான் என்று.

"ஊரே வெள்ளைத் தாள்லதான் வாசிக்கி. ஒனக்கு மட்டும் என்ன?"

"ஊருக்குத் தலை வலிக்கலையே," என்றேன்.

அன்று மாலையே கம்ப்யூட்டரைக் கறுப்பாக்கி, ஒரு பாஸ்வேர்டும் போட்டுவிட்டேன். மறுநாள் பத்து மணிக்குள் அத்தை ஒரு மனுவை அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கறுப்பை யாரும் தொட மாட்டோம் என்று சொன்னால்தான் பாஸ்வேர்டு சொல்வேன் என்றேன். அப்பா கையை ஓங்கினார். நான் நகரவில்லை.

"அடிங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

அத்தை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ஏலே, விடுலே. நான் கறுப்புலயே அடிச்சுக்கிடுதேன்," என்றாள்.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததை விட்டுக்கொடுக்கவும் இல்லை. காலையில் மட்டும் அவளுக்கு வெள்ளையாக்கிக் கொடுத்திருக்கலாம். ஒரு மணி நேரம் விட்டாலும் அப்பா மொத்தமாகப் பிடுங்கிக்கொள்வார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். அத்தை மூக்கு உரசுகிற தூரத்தில் திரையைப் பார்த்து, வரிக்கு வரி விரல் வைத்து அடித்தாள். இரண்டு மனுக்கள் பிழையோடு திரும்பி வந்தன. வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் ஆபீசைத் திறந்ததும், நோய்க்குப் பயந்து பாதி ஊர் பஸ் ஏறாத அந்த நாட்களில், அவள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு தினமும் பாளையங்கோட்டைக்குப் போக ஆரம்பித்தாள். அம்மா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். "ஆபீசுல வேல கூடிப்போச்சு," என்பதோடு சரி. காலை நேரமும் எனக்கே கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இப்போது கல்லூரியில் படிக்கிறேன். இன்றும் கறுப்பில்தான் வாசிக்கிறேன். அன்று முரண்டு பிடித்ததற்காக வருந்தவும் மாட்டேன். போன மாதம் அத்தைக்குக் கண்ணாடி மாற்ற நான்தான் கூட்டிப்போனேன். அவள் கண்ணின் வளைவு சின்ன வயசிலிருந்தே கொஞ்சம் கோணல் என்றார் டாக்டர். கறுப்பில் வெள்ளை எழுத்து அவளுக்கு ஓரமெல்லாம் கசிந்து இரண்டிரண்டாகத் தெரியுமாம்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அப்பமே சொல்லிருக்கலாம்லா, அத்தை?"

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் சொல்லிருந்தா ஒங்கப்பன் என்னையத்தான நம்பியிருப்பான். பொறவு ஒன் தலைவலி பொய்யால்லா போயிருக்கும்."

அந்த வீட்டில் என் வலியை நம்பிய ஒரே ஆள் அவள்தான். அவளிடமிருந்துதான் நான் அந்தத் திரையைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன் என்பது அந்தப் பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியவில்லை.