வேளாங்கண்ணி மணலில் அழுதவள்

"நம்ம ஊர்க் கோயில்ல இல்லாத மாதாவா வேளாங்கண்ணியில இருக்காக?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தவன் நான். ஆனால், வயிற்றிலேயே குழந்தை இறந்த நாளிலிருந்து அவள் அழவே இல்லை. அந்தப் பயத்தில்தான் அவளைக் கூட்டிக்கொண்டு கம்பம் ஊரில் பஸ் ஏறினேன்.

அங்கே மணற்பாதையில் முழங்காலிட்டு நகர்ந்தவள், பாதியிலேயே குப்புற விழுந்து கதறினாள். நான் பதறி ஓடுவதற்குள், கூடவே முழங்காலில் வந்த முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுகை அடங்கியதும், எதுவும் கேட்காமல் தன் வழியே நகர்ந்துபோனாள்.

"இத நம்ம கோயில்லயே அழுதிருக்கலாம்ல?" என்றேன்.

"அங்கன அழுதா ஆளாளுக்கு ஆறுதல் சொல்ல வந்துருவாக. இங்கன யாரும் எதுவும் கேக்கலீங்க."

திரும்பும் வழியில், "பசிக்குது" என்றாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! பஸ்ஸில் எங்களைத் தெரிந்தவர் யாருமில்லை. நானும் அழுதேன்.