மூன்றாவது சரணம்

அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட் செட்டு ஒருநாள் உயிரை விட்டது. பென்டிரைவ் வந்த புதிது அது. பென்டிரைவ் செருகும் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, அக்காவின் பழைய கேசட்டில் இருந்த பாட்டுகளையெல்லாம் தேடிப் பதிந்து, கொட்டாரம் ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டுதான் அவளுக்கு உயிர். அதையே முதலில் போட்டேன்.

பாதிக்குமேல் அக்கா முகம் சுளித்தாள். "ஏலே, இந்த மூணாவது சரணம் எங்கேருந்து வந்துது?"

"பாட்டுல உள்ளதாக்கும் அக்கா. நம்ம கேசட்டுல பதியும்போது டேப் தீர்ந்துபோச்சு."

"இருவது வருசமா இல்லாத சரணம் இப்ப முளைக்குமா? உன்னை எவனோ டூப்ளிகேட்டைத் தந்து ஏமாத்திட்டான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் மூன்றாவது சரணத்தை வெட்டி எறிந்தேன். கேலிக்காக, டேப் தீர்ந்ததும் செட்டின் பொத்தான் 'டொக்'கென்று எழும்பும் சத்தத்தையும் கடைசியில் ஒட்டினேன். மறுநாள் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன்.

டொக் கேட்டதும் அக்கா முகம் மலர்ந்தது. "இதாக்கும் ஒரிஜினல்!"

அதற்குள் நான் கேசட்டைத் திருப்பிப் போட எழுந்து, பாதி தூரம் போயிருந்தேன்.