தாரும் தாராவும்

பாக்கியம் சொன்ன ஒரு சொல்லை நான் திரித்துச் சொன்னேன். வாய் தவறி அல்ல... வேண்டுமென்றே!

இலங்கையில் யுத்த காலம். எல்கடுவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கர். மலைப்பாதைக்குத் தார் போடுவதா, கொங்கிரீட் போடுவதா, எது மண்ணையும் நீரையும் குறைவாகக் கெடுக்கும் என்று பார்த்து அறிக்கை எழுத மாத்தளையிலிருந்து ஒரு சுற்றாடல் அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டச் சனங்களுக்குச் சிங்களம் போதாது. நடுவில் நான். இரண்டு மொழியிலும் வாயாடத் தெரிந்த ஒரே கோமாளி!

சோதனைக்காக ஒரு துண்டுப் பாதைக்கு ஏற்கெனவே தார் போட்டிருந்தார்கள். பீப்பாய்களைக் காய்ச்சிய இடம், ஊற்றுநீர் வந்து விழும் பீலிக்கு நேர் மேலே. லயம் முழுவதும் குடிப்பது அந்தப் பீலித் தண்ணீரைத்தான்.

கொழுந்துக் கூடையை இறக்காமலே பாக்கியம் முன்னே வந்தாள்.

"அய்யா, பீலித் தொட்டியில தாரு மெதக்குதுங்க. புள்ளைங்க குடிக்கிற தண்ணி. நல்லா வெளங்குற மாதிரி எடுத்துச் சொல்லுங்க."

சிங்களத்தில் தாருக்குத் 'தார'. கொஞ்சம் நீட்டினால் 'தாராவோ', அதாவது வாத்துகள்! எனக்கு நாக்கு அரித்தது. நீட்டினேன்.

"தொட்டியில் தாராவோ மிதக்கிறதாம், மாத்தயா" என்றேன் அதிகாரியிடம்.

"வாத்தா? அப்படியானால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே பாக்கியமும் சிரித்தாள்...

தொட்டியை எட்டிப் பார்க்காமலே அவர் எழுதிக்கொண்டார். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பயமா? தமிழன் முறைப்பாடு சொன்னால் சந்தேகமாகப் பார்த்த நாட்கள்தாம். அதையே சாக்காக வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் உங்களிடம் மறைத்து என்ன? அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. ஒரு பெரிய மனிதரைச் சிரிக்க வைத்துவிட்டேனாம்!

அறிக்கை வந்தது. தாரே போடலாம், காய்ச்சும் இடமும் அங்கேயே இருக்கலாம், நீருக்குப் பாதிப்பில்லை.

மழையோடு பீலி கறுத்தது. சனங்கள் பள்ளத்து ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். அந்தச் சரிவில்தான் பாக்கியம் குடத்தோடு விழுந்தாள். முறிந்த கால் நேராகக் கூடவில்லை. கொழுந்துக்குப் போவதும் அதோடு நின்றது.

பார்க்கப் போனேன். வாசலில் அவள் தம்பி சீறினான்: "அன்னிக்கி இந்தாளு என்னாத்தச் சொல்லித் தொலைச்சாரோ!"

"வாய மூடுடா!" என்று உள்ளிருந்து பாக்கியம் அதட்டினாள். "கிளாக்கரய்யா சிரிச்ச மொகமா எவ்வளவு தன்மையா எடுத்துச் சொன்னாரு... அந்த மாத்தயாதான் காதுல வாங்கல. நீங்க உக்காருங்கய்யா."

உட்கார்ந்தேன். யாரோ ஆற்றிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் போட்ட தேநீரையும் குடித்தேன். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்...

பாக்கியம் இன்றும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். நானோ, இதை உங்களிடம் சொல்கிறேன். பாருங்கள், இப்போதும் சொல்ல வேண்டியவளை விட்டுவிட்டு வேறு யாரிடமோதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!